நிவாரணம் வேறு, குணம் வேறு: மருந்துப்போலி குறித்து

(கட்சி உறுப்பினர்களுக்கான அறிவியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மக்களிடையே அறிவியல் பிரச்சாரத்துக்குச் செல்லும் தோழர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு மருந்தில் சரக்கு ஒன்றுமில்லை, சோதனையில் அது தேறவில்லை என்று விளக்கி முடித்ததும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “நீங்கள் சொல்வது இருக்கட்டும். எனக்குச் சரியாயிற்றே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஏமாளியும் அல்லர். தம் உடம்பில் நேர்ந்ததைச் சொல்கிறார். அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிட்டு வருவது எளிது. ஆனால் அதன் பிறகு அந்த ஊரில் அறிவியல் பேசினால் கேட்க ஆளிருக்காது. அவருடைய கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான் மருந்துப்போலி எனப்படும் பிளாசிபோவின் வரலாறு.

மருந்தைப் போலவே தோற்றமளித்து, மருந்துச் சரக்கு ஏதும் இல்லாத மாத்திரை, ஊசி, சில வேளைகளில் அறுவைச் சிகிச்சைகூட, மருந்துப்போலி எனப்படும். அதைப் பெற்றவரிடம் தோன்றும் மாற்றமே மருந்துப்போலி விளைவு. முதலில் இதைக் கண்டறிந்தது மாத்திரையில் அல்ல, உலோகக் குச்சியில்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த எலிஷா பெர்க்கின்ஸ் என்ற மருத்துவர் 1796இல் ஒரு காப்புரிமை பெற்றார். சில அங்குல நீளமுள்ள இரண்டு உலோகக் குச்சிகள். வலியுள்ள இடத்தில் இவற்றை வைத்து இழுத்தால், உடலுக்குள் தேங்கிய கேடான மின்சாரம் வெளியேறி வலி தீரும் என்பது அவருடைய வாதம். மாநில மருத்துவச் சங்கம் அவரை நீக்கியது, விற்பனை நிற்கவில்லை. அவருடைய மகன் அவற்றை லண்டனுக்குக் கொண்டுசென்று ஜோடி ஐந்து கினிக்கு விற்றார். அன்றைய இங்கிலாந்தின் பண்ணைத் தொழிலாளி பல வாரம் உழைத்தாலும் அந்தத் தொகையைக் கண்ணால் காண முடியாது. நல்லவர்களும் படித்தவர்களும் குணமடைந்ததாகச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள்.

பாத் நகரில் மருத்துவம் பார்த்துவந்த ஜான் ஹேகார்த் 1799 ஜனவரியில் ஒரு காரியம் செய்தார். மரத்தில் அதே வடிவில் குச்சிகள் செய்து, உலோகம்போல் வண்ணம் பூசி, நாள்பட்ட மூட்டுவலியால் மருத்துவமனையில் கிடந்த ஐந்து பேருக்கு அவற்றால் சிகிச்சை அளித்தார். ஐவரில் நால்வர் வலி தணிந்ததாகச் சொன்னார்கள். மறுநாள் உண்மையான உலோகக் குச்சிகள் பயன்படுத்தப்பட்டன. அதே பலன். மின்சாரம் மரத்தில் பாயாது. ஆகவே குணப்படுத்தியது மின்சாரம் அல்ல. கற்பனை உடலின் நோய்களுக்குக் காரணமாகவும் மருந்தாகவும் அமைவது பற்றி அவர் அடுத்த ஆண்டே நூல் வெளியிட்டார். பெர்க்கின்ஸோ 1799இலேயே நியூயார்க்கில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். அங்கே அவர் போனது அக்காய்ச்சலுக்குத் தாம் கண்ட மருந்தைச் சோதிப்பதற்காக.

ஹேகார்த்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே பாரிஸில் இதுபோன்ற சோதனை நடந்தது. ‘விலங்குக் காந்தம்’ என்ற மெஸ்மரின் சிகிச்சையை ஆராய 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இருந்தார்கள். (பின்னாளில் தலைவெட்டும் இயந்திரத்துக்குப் பெயர் கொடுத்த மருத்துவர் கில்லட்டினும் அதில் ஓர் உறுப்பினர்.) பிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தமூட்டிவிட்டு, கண்களைக் கட்டிய ஒரு சிறுவனை வேறு மரங்களிடம் அழைத்துச் சென்றார்கள். காந்தமூட்டாத நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். கண்ணைக் கட்டுவது என்ற இந்த எளிய உத்தி, இன்று எந்த மருந்தின் உண்மையையும் அறிய உலகம் கையாளும் முறைக்கு வித்து.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் 1955இல் எழுதிய கட்டுரை, மருந்துப்போலியால் சராசரியாக நூற்றுக்கு 35 பேர் நிவாரணம் பெறுகிறார்கள் என்றது. அந்த எண் இன்றுவரை பத்திரிகைகளில் சுற்றிவருகிறது. ஆனால் அதில் பெரிய ஓட்டை இருந்தது. மருந்துப்போலி தின்றவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்று எண்ணினாரே தவிர, எதுவுமே தின்னாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள் என்று அவர் எண்ணவில்லை.

இது நுணுக்கமான விஷயம்போலத் தோன்றினாலும், கூட்டத்தில் எழுந்து கேட்டவருக்கான விடையில் பாதி இதில்தான் இருக்கிறது. முதுகுவலி, மூட்டுவலி, சளி, இரைப்பு, தோல் அரிப்பு போன்ற தொல்லைகள் ஏறி இறங்குபவை. லேசாக வலிக்கும்போது யாரும் வைத்தியரைத் தேடுவதில்லை. வேலைக்குப் போயாக வேண்டும். தாங்க முடியாத உச்சத்தில்தான் போகிறார்கள். உச்சத்துக்குப் போனது எப்படியும் இறங்கும். இறங்கும் நேரத்தில் கையில் எது இருந்ததோ, அது மாத்திரையோ தாயத்தோ, பெயரைத் தட்டிக்கொள்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், மருந்துப்போலியும் ‘சிகிச்சையே இல்லை’ என்ற பிரிவும் சேர்ந்து இடம்பெற்ற 114 ஆய்வுகளைத் திரட்டி 2001இல் முடிவை வெளியிட்டனர். வலியிலும் நோயாளி தாமே சொல்லும் உணர்வுகளிலும் சிறிய பலன் தெரிந்தது. கருவியால் அளக்கக்கூடிய உடல் மாற்றங்களில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாம் பிரமையா? இல்லை. இங்கேதான் கொச்சையான பொருள்முதல்வாதம் வழுக்கி விழுகிறது. 1978இல் அமெரிக்காவில் கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்ட நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்துப்போலியால் வலி தணிந்தவர்களுக்கு நலோக்சோன் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. மூளையில் அபினிச் சரக்குகள் பற்றும் இடங்களை அடைத்துவிடுவது அதன் வேலை. கொடுத்ததும் வலி கூடியது. அதாவது, எதிர்பார்ப்பு ஒன்றினாலேயே மூளை தனது வலிநீக்கியைச் சுரந்திருக்கிறது. நலோக்சோன் அதன் வழியை மறித்துவிட்டது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்து என்று சொல்லி மருந்துப்போலி கொடுத்தபோது மூளையில் டோபமின் சுரந்ததை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. நம்பிக்கை என்பது ஆகாயத்தில் மிதக்கும் ஆவியல்ல. மூளை என்ற பருப்பொருளில் வேதிவினையாக நிகழ்கிறது. உழைப்பு, வளர்ப்பு, பேச்சு, முன்அனுபவம் ஆகிய சமூக உறவுகளால் உருவாகிறது.

எனவே கூட்டத்தில் கேட்டவருடைய வலி தணிந்தது உண்மை. அவருடைய நோய் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கட்சித் தோழர் ஒவ்வொருவரும் அதை அறிந்திருப்பது நல்லது.

பாஸ்டனில் ஆஸ்துமா நோயாளிகள் 46 பேர் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள்; 39 பேர் முழுமையாக முடித்தார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு நாட்களில் நான்கு நிலைமைகளைச் சந்தித்தார்கள். உண்மையான சால்பூட்டமால் இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், சும்மா காத்திருத்தல். எவ்வளவு தேறியிருக்கிறது என்று கேட்டபோது உண்மை மருந்துக்கு 50 விழுக்காடு என்றார்கள். போலி இன்ஹேலருக்கு 45. போலி அக்குபங்சருக்கு 46. சும்மா இருந்ததற்கு 21. பேச்சை மட்டும் கேட்டால் மருந்தும் போலியும் ஒன்றே. பிறகு ஊதவைத்து அளந்தார்கள். ஒரே நொடியில் நுரையீரல் வெளித்தள்ளும் காற்றின் அளவு உண்மை மருந்தால் 20 விழுக்காடு கூடியது. மற்ற மூன்றிலும் சுமார் 7 விழுக்காடுதான். போலிச் சிகிச்சைக்கும் சும்மா இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை.

மூச்சுக்குழல் சுருங்கியே கிடக்கிறது. ஆனால் நோயாளி “நன்றாயிருக்கிறது” என்கிறார். தலைவலியில் இப்படி நேர்ந்தால் நட்டமில்லை. ஆஸ்துமாவில் இது ஆளைக் கொல்லும். உலகில் ஆஸ்துமாவால் நேரும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவில் நிகழ்வதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நோயாளிகளின் எண்ணிக்கையில் நமது பங்கு அவ்வளவு பெரிதல்ல, சாவில்தான் பெரிது. அன்றாடம் உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பதே இதற்கு முதன்மையான காரணம்.

ஐதராபாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தி தொடங்கும் நாளில், நாம்பள்ளி கண்காட்சித் திடலில் பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள்நிற மருந்துருண்டை ஒன்றைத் திணித்து, குஞ்சை அப்படியே நோயாளியின் தொண்டைக்குள் இறக்குவார்கள். மீன் உண்ணாதவர்களுக்கு வெல்லத்தில் வைத்துத் தருவார்கள். 1845இல் ஒரு சாமியார் அருளிய மருந்து என்று அதை வழங்கும் குடும்பம் கூறுகிறது, சேர்மானம் இரகசியம். காசு வாங்குவதில்லை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உண்ண வேண்டும், ஒவ்வொரு முறையும் 45 நாள் பத்தியம் இருக்க வேண்டும் என்பது விதி. மாநில அரசின் மீன்வளத் துறை குஞ்சுகளுக்கு ஏற்பாடு செய்கிறது. பேருந்து, குடிநீர், காவல் என அரசு இயந்திரம் முழுவதும் உடன் நிற்கிறது.

ஜன விஞ்ஞான வேதிகா என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்தது, நீதிமன்றத்துக்கும் சென்றது. ஆஸ்துமாவைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை சொல்கிறது. எதிர்ப்பு வலுத்ததும் மாறியது என்ன? பெயர். ‘மீன் மருந்து’ ‘மீன் பிரசாதம்’ ஆயிற்று. மருந்து என்றால் சோதனை கேட்கலாம். பிரசாதம் என்றால் யாரும் கேட்க முடியாது.

மூன்றாண்டு விதியையும் கவனியுங்கள். ஆஸ்துமா ஏறி இறங்கும் நோய். சிறுவர்களில் பலருக்கு வளர வளரத் தானே தணிவதும் உண்டு. மூன்றாண்டில் தணிந்தவர் மீனைப் புகழ்வார். தணியாதவர் பத்தியம் தவறியதாகத் தம்மையே நொந்துகொள்வார். இறந்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களைக் கேலி செய்யும் உரிமை யாருக்கும் இல்லை. கட்டடத் தொழிலாளியும் பஞ்சாலைத் தொழிலாளியும் குழந்தையை இடுப்பில் சுமந்த தாயும் ஒரு நாள் கூலியை இழந்து, இரவெல்லாம் திடலில் படுத்துக் காத்திருப்பது, இலவசமாகவும் மரியாதையோடும் யாரோ ஒருவர் தம் மூச்சுத்திணறலைப் பொருட்படுத்துகிறார் என்பதற்காக. சால்பூட்டமாலும் பியூடசோனைடும் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. ஆயினும் பல மாநிலங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்ஹேலர் கேட்டால் கிடைப்பது மாத்திரையோ ஊசியோதான். அரசு வழங்க வேண்டியது இன்ஹேலர். வழங்குவது விரால் குஞ்சு.

இதே வழியில்தான் 2020 ஜனவரியில் ஒன்றிய அரசின் ஆயுஷ் அமைச்சகம், கொரோனா தடுப்புக்கென ‘ஆர்செனிகம் ஆல்பம் 30’ என்ற ஹோமியோபதி மருந்தைப் பரிந்துரைத்தது. அந்த 30 என்பது, நூற்றில் ஒரு பங்காக நீர்க்கச் செய்வதை முப்பது முறை திரும்பச் செய்தது என்று பொருள். வேதியியல் பயின்ற பள்ளி மாணவர் கணக்கிட்டாலும் அதில் மூலச் சரக்கின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை. சித்த, ஆயுர்வேத மூலிகைகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றில் உண்மையான வேதிச் சரக்குகள் உள்ளன, அவற்றைச் சோதித்துத் தேறியதை ஏற்கலாம். வெறும் சர்க்கரை உருண்டையை நோய்த்தடுப்பு என்று அரசு முத்திரையிட்டுத் தருவது வேறு. அதை உண்டவர் பாதுகாப்பாக உணர்ந்திருப்பார். கிருமிக்கு அது தெரியாது.

முதலாளித்துவச் சந்தை மருந்துப்போலி விளைவை வேறொரு வகையில் காசாக்குகிறது. அமெரிக்காவில் 82 தன்னார்வலர்களுக்கு மணிக்கட்டில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, வலிநிவாரணி என்று சொல்லி ஒரு மாத்திரை தந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாத்திரை, மருந்தில்லாதது. பாதிப் பேரிடம் அதன் விலை இரண்டரை டாலர் என்றார்கள். மீதிப் பேரிடம் விலை குறைக்கப்பட்டுப் பத்து சென்ட் என்றார்கள். விலை கூடியதை உண்டவர்களில் 85 விழுக்காட்டினரும், மலிவானதை உண்டவர்களில் 61 விழுக்காட்டினரும் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். 2008இல் வெளியான முடிவு இது. விலைச்சீட்டே வலியைக் குறைத்திருக்கிறது. சரக்கின் மீதான மயக்கத்தை மார்க்ஸ் விளக்கியபோது அது நரம்பு மண்டலத்துக்குள்ளும் இறங்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பெயர்பெற்ற கம்பெனி மாத்திரைதான் கேட்கிறது, மருந்தகத்தில் கிடைக்கும் ஜெனரிக் மாத்திரை கேட்பதில்லை என்று மக்கள் சொல்வதில் ஒரு பகுதி இதுவே. ஒரு பகுதி மட்டுமே. இந்தியாவில் தயாரான இருமல் மருந்துகளோடு காம்பியா நாட்டில் 66 குழந்தைகளின் மரணம் தொடர்புடையதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் எச்சரித்த பிறகு, தரம் பற்றிய மக்களின் அச்சத்தை மனமயக்கம் என்று தள்ளிவிட முடியாது. மருந்துத் தரக் கட்டுப்பாடு ஒழுங்காக நடக்கும் நாட்டில்தான் மலிவு மருந்தின்மேல் நம்பிக்கை வளரும்.

இனி, நேர்மையான மருத்துவத்துக்கு மருந்துப்போலி ஆய்வுகள் கற்றுத்தருவது. குடல் எரிச்சல் நோயால் அவதிப்பட்ட 262 பேரை மூன்று பிரிவாக்கி அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். முதல் பிரிவினர் காத்திருப்புப் பட்டியலில் மட்டும் இருந்தார்கள். அவர்களில் 28 விழுக்காட்டினருக்குப் போதிய நிவாரணம் கிட்டியது. இரண்டாம் பிரிவினருக்குப் பேச்சேதும் இன்றிப் போலி அக்குபங்சர்; 44 விழுக்காடு. மூன்றாம் பிரிவினருக்கு அதே போலி அக்குபங்சரோடு, பொறுமையாகக் கேட்டு, பரிவோடு பேசிய மருத்துவர்; 62 விழுக்காடு. குத்தப்பட்டது ஒரே போலிதான். கூடுதலாகக் கிடைத்தது மருத்துவரின் நேரம். அந்த நேரத்தை உண்மையான மருந்தோடு சேர்த்துத் தரலாம். அதற்கு யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் ஒரு நோயாளிக்கு ஆரம்ப நிலை மருத்துவர் செலவிடும் நேரம் சுமார் இரண்டு நிமிடம் என்று பன்னாட்டு ஒப்பீடு ஒன்று 2017இல் கணித்தது. அது மருத்துவரின் குணக்கேடு அல்ல. காலிப் பணியிடங்களை நிரப்பாமல், இருப்பவர் ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான புறநோயாளிகளைச் சுமத்தினால் தெய்வமே வந்து உட்கார்ந்தாலும் இரண்டு நிமிடம்தான். அந்த வெற்றிடத்தில்தான் ஊர்தோறும் பட்டம் பெறாத வைத்தியர் அமர்ந்திருக்கிறார். அவர் பெயர் சொல்லி அழைக்கிறார், வீட்டு நிலவரம் விசாரிக்கிறார், கடன் சொல்ல விடுகிறார், தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓர் ஊசி போடுகிறார் அல்லது குளுக்கோஸ் ஏற்றுகிறார். உத்தரப்பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்தின் பாங்கர்மாவ் பகுதியில் 2018இல் பல பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டபோது, பாதுகாப்பற்ற ஊசிகளே காரணம் என்று சுட்டப்பட்டது. சில ரூபாய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

கடைசியாக, மருந்துப்போலி ஆய்வுக்கூடத்தில் பயன்படும் விதம் பற்றி ஒரு சொல். புதிய மருந்தைச் சோதிக்க மருந்துப்போலி தேவை. ஹேகார்த்தின் மரக்குச்சி இல்லாமல் பெர்க்கின்ஸின் பித்தலாட்டம் வெளிப்பட்டிருக்காது. ஆனால் போலியைப் பெறும் பிரிவில் யாருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்?

இந்தியாவில் உருவான ரோட்டாவாக் தடுப்பூசியின் இறுதிக்கட்டச் சோதனை 2011இல் தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் தொடங்கியது. 6,799 குழந்தைகளில் 4,532 பேருக்குத் தடுப்பு மருந்து. 2,267 பேருக்கு மருந்துப்போலி. வயிற்றுப்போக்கால் பிஞ்சுகளைக் கொல்லும் ரோட்டா கிருமிக்கு எதிராகத் தடுப்பு மருந்தை எல்லா நாடுகளும் சேர்த்துக்கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே பரிந்துரைத்திருந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் இரண்டு தடுப்பு மருந்துகள் இந்தியத் தனியார் சந்தையில் விற்கப்பட்டன. அவற்றோடு ஒப்பிடாமல் ஒன்றுமில்லாத சொட்டோடு ஒப்பிடலாமா என்ற கேள்வி எழுந்தது.

ஆய்வாளர்களின் வாதம் அற்பமானதல்ல. அந்த மருந்துகள் அரசுத் திட்டத்தில் இல்லை. இங்கே அவை எவ்வளவு வேலை செய்யும் என்பது உறுதியாகவில்லை. ஏழை நாட்டுக்கு ஒரு டாலர் விலையில் சொந்த மருந்து தேவை. ஆய்வில் சேர்ந்த குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடனடிச் சிகிச்சை உண்டு. கடுமையான நோயிலிருந்து 53.6 விழுக்காடு பாதுகாப்பு என்ற முடிவும் கிடைத்தது. பொதுத்துறை விஞ்ஞானிகளின் உழைப்பில் மலிவான தடுப்பு மருந்து உருவானதை இடதுசாரிகள் குறைத்துப் பேசத் தேவையில்லை. ஆனால் முதல் வாதத்தை ஏற்க இயலாது. அரசுத் திட்டத்தில் தடுப்பு மருந்து இல்லாததற்குக் காரணம் அரசு. தான் கொடுக்காததையே காட்டி, ‘இந்தக் குழந்தைகளுக்கு எப்படியும் கிடைத்திருக்காது, ஆகவே போலி கொடுத்ததில் இழப்பில்லை’ என்று அதே அரசின் நிறுவனங்கள் வாதிட்டால், ஏழையின் இல்லாமை அறநெறியின் அளவுகோலாகிவிடுகிறது. காசுள்ள வீட்டுக் குழந்தைக்கு அதே தில்லியில், அதே ஆண்டில், கடையில் வாங்கிய மருந்து கிடைத்தது.

ரோட்டா தடுப்பு மருந்து 2016இல் ஆந்திரம், அரியானா, இமாச்சலம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்கும் அந்த முதல் தவணைக்கும் இடையே ஏழு ஆண்டுகள்.